அணைந்தது சரி, யார் அணைத்தது?

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு படிக்கிறான். பகுதிநேர வேலையில் சேர்த்த காசைப் போட்டுப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிவிட்டு, மறுநாளே எனக்குப் போன். "பவர் சப்ளை ஒண்ணு உங்க வீட்ல சும்மாதானே கிடக்கு மாமா?"

கிடக்கத்தான் செய்தது. என் பழைய கணினியில் ஐந்து ஆண்டு ஓடிய 450 வாட் பெட்டி, சுவர் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் லைன்களாக மாற்றிக் கொடுப்பது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் வெண்கலச் சான்று, 12 வோல்ட் லைனில் 36 ஆம்பியர். ஸ்டிக்கரின் அடியில் வரிசையாக ஐந்து சுருக்கெழுத்துகள்: ஓவிபி, யூவிபி, ஓசிபி, ஓபிபி, எஸ்சிபி. அதே வரிசையில், வோல்டேஜ் ஏறினாலும், இறங்கினாலும், ஒரு லைனில் கரண்ட் மீறினாலும், மொத்த வாட் மீறினாலும், ஷார்ட் ஆனாலும் பெட்டி தானே அணைந்துவிடும் என்று அர்த்தம்.

எடுத்துக்கோ என்று சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பெட்டி, பெயர் வேண்டாம், போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. அதன் ஸ்டிக்கரிலும் இதே ஐந்தும் இருந்தன. "சனிக்கிழமை வா. சோதிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்" என்றேன்.

"அதான் எல்லாம் போட்டிருக்கே மாமா, அப்புறம் என்ன சோதனை?"

கேள்வி நியாயமானதுதான். பதில் கிடைக்க மூன்று சனிக்கிழமை ஆகும் என்று அப்போது எனக்கும் தெரியாது.

முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தேன். சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஓடும்போது 380 வோல்ட் வரை டிசி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் அது போகாது. மீட்டர் வைத்துப் பார்த்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் பையனைக் கிட்டே விட்டேன். "வீட்ல ஆர்சிசிபி இருக்கே மாமா, ஷாக் அடிச்சா கட் ஆயிடுமே" என்றான். கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி அது. என் வீடு சிங்கப்பூரில், அங் மோ கியோவில் 1985க்கு முன் கட்டிய புளோக்கில் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமலும் இருக்கலாம். 2025 ஜூலைக்குள் எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் சொன்ன பிறகு நானும் மாட்டினேன். ஆனால் அது பார்ப்பது ஒன்றைத்தான்: லைவ் வழியாகப் போன கரண்ட் நியூட்ரல் வழியாக முழுசாகத் திரும்பி வந்ததா, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது தரைக்குக் கசிந்ததா என்று. பிளக்கை உருவிய பெட்டிக்குள் கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் விரலால் தொட்டால் ஆர்சிசிபிக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. இதை அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் அக்காவே போன் செய்துவிட்டாள். அவளுக்கு வேறு மாதிரி விளக்க வேண்டியிருந்தது.

திறந்ததில் லாபம் இருந்தது. பவர் சப்ளைகளில் காவல் வேலைக்கென்று தனியாகச் சின்ன சிப் ஒன்று இருக்கும். எல்லா லைனும் சரியாக வந்த பிறகு மதர்போர்டுக்கு 'பவர் குட்' சமிக்ஞை கொடுப்பதும், ஏதாவது தப்பினால் மொத்தத்தையும் நிறுத்துவதும் அதன் வேலை. இதில் இருந்தது எட்டுக்கால் சிப், டபிள்யூடி7502. தகவல் தாளை எடுத்துப் படித்தால், அது கவனிப்பது மூன்று லைன்களின் வோல்டேஜை. கரண்டை அளப்பதற்கென்று அதில் ஒரு கால்கூட இல்லை. அப்படியானால் ஸ்டிக்கரில் இருக்கும் ஓசிபி எங்கிருந்து வருகிறது? வேறு வழியிலும் செய்யலாம், சிப்பைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுதக் கூடாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

மூடியைத் திருப்பி மாட்டினேன். இனி எல்லாச் சோதனையும் வெளியே வரும் வயர்களில்தான். 24 பின் கனெக்டரில் பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் பெட்டி ஓடும், பிரித்தால் நிற்கும். அதற்கு ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்து அதைப் பையன் கையில் கொடுத்தேன். சுவர் பிளக் ஸ்விட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில். மேசைமேல் பழைய தரை ஓடு, அதன்மேல் பெட்டி, பக்கத்தில் தீயணைப்பான். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், எதுவும் மாட்டவில்லை. சோதனை தப்பாகப் போனால் பெட்டி மட்டும் போகட்டும்.

லோடுக்கு என்ன செய்வது? காரின் முன்விளக்கு பல்பு நினைவுக்கு வந்தது. 12 வோல்ட், 55 வாட், அதாவது ஆளுக்கு நாலரை, ஐந்து ஆம்பியர். நண்பரின் ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட நான்கு கிடைத்தன. நான்கையும் ஒன்றாக இணைத்து, "போடு" என்றேன். மின்விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. பல்பு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஓசிபி வேலை செய்யுது மாமா!"

நானும் நம்பினேன். நோட்டிலும் எழுதினேன்: 20 ஆம்பியரில் ஓசிபி, சரி. அன்று இரவு தூக்கம் வரும் நேரத்தில்தான் உறுத்தியது. 36 ஆம்பியர் என்று போட்ட லைன் 20-லேயே நின்றால் அது பாதுகாப்பு இல்லையே, கோளாறு அல்லவா?

காலையில் பல்பை மீட்டரில் பார்த்தேன். எரியும்போது அதன் மின்தடை இரண்டரை ஓம் சுமார் இருக்க வேண்டும். அணைந்து ஆறிய பல்பில் 0.2 ஓம்தான் காட்டியது. டங்ஸ்டன் இழை அப்படித்தான். ஆறியிருக்கும்போது எரிகிற நிலையில் பத்தில் ஒரு பங்குத் தடைகூட இருக்காது. நான்கையும் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 0.05 ஓம். கணினிப் பவர் சப்ளைகளுக்கான இன்டெலின் ஏடிஎக்ஸ் வடிவமைப்பு வழிகாட்டியில் ஷார்ட் என்பதற்கு இலக்கணமே 0.1 ஓமுக்குக் கீழ் என்பதுதான். ஆக, நான் 20 ஆம்பியர் லோடு கொடுக்கவில்லை. அசல் ஷார்ட்டைக் கொடுத்திருக்கிறேன். பெட்டி ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது, நோட்டில் எழுதியதுதான் தப்பு. அடுத்த முறை பல்புகளை ஒவ்வொன்றாக எரியவிட்டுச் சேர்த்தோம். நான்கும் எரிந்தன, ஒரு சத்தமும் இல்லை.

பெட்டி அணைந்தால் மட்டும் போதாது, எந்தக் காவலாளி அணைத்தான் என்று தெரிந்தால்தான் அது சோதனை என்று அன்றைக்குப் பிடிபட்டது.

பல்பை ஓரங்கட்டிவிட்டு சிம் லிம் டவருக்குப் போனேன். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேரில் முழுக் கணினி வாங்கலாம். ஒற்றை ரெசிஸ்டர், ஒற்றை ஸ்விட்ச் வேண்டுமென்றால் டவர்தான். வழக்கமாகப் போகும் கடை அங்கிளிடம் 2 ஓம், 100 வாட், அலுமினியக் கூடு போட்ட ரெசிஸ்டர் பத்து கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "ஹீட்டரா செய்யப் போறே?" என்றார் ஆங்கிலத்தில். ஏறத்தாழ அதுதான். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 6 ஆம்பியர் இழுக்கும், 72 வாட்டைச் சூடாக்கும். பத்தும் சேர்ந்தால் சின்ன இஸ்திரிப் பெட்டி. திரும்பும் வழியில் தேக்காவில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, மனைவியிடம் எவ்வளவு ஆச்சு என்று சொல்வதா வேண்டாமா என்று யோசித்தபடி வந்தேன்.

பத்தையும் தடித்த அலுமினியத் தகட்டில் வெப்பப் பசை தடவித் திருகி முடுக்கினேன். கீழே இரண்டு மின்விசிறி, அவற்றுக்கு வேறு அடாப்டர். ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் கார் ஸ்விட்ச் ஒன்று. ஏன் பத்து என்றால், இந்தப் பெட்டியில் பிராசசருக்குப் போகும் எட்டு பின் கனெக்டரில் மஞ்சள் வயர் நான்கு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் இரண்டு கனெக்டரிலும் மும்மூன்று. கூட்டினால் பத்து. ஒரு மஞ்சளுக்கு ஒரு ரெசிஸ்டர் என்று பிரித்தால் எந்த வயரிலும் 6 ஆம்பியருக்கு மேல் போகாது, கனெக்டர் உருகாது. இந்தக் கணக்கு ஒத்துவந்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சியைப் பையன் பகிர்ந்துகொள்ளவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை. சுவரில் வாட் மீட்டர், மஞ்சள் வயர்க் கட்டைச் சுற்றி டிசி கிளாம்ப் மீட்டர், கனெக்டர் நுனியில் மல்டிமீட்டர், வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும், அலுவலக நண்பரிடம் இரவல் வாங்கிய கையடக்க ஆசிலோஸ்கோப்.

ஆறு ரெசிஸ்டரில் 35.5 ஆம்பியர், 11.82 வோல்ட். இது ஸ்டிக்கர் சொல்லும் எல்லை. ஏழில் 41 ஆம்பியர், 11.76. எட்டில் 47 ஆம்பியர், 11.69. புதுத் தகட்டிலிருந்து பசை புகைய ஆரம்பித்து ஹாலில் இருந்த புகை அலாரம் கத்தியது. எதிர் வீட்டு அங்கிள் கதவைத் திறந்து பார்த்தார். கையைக் காட்டிச் சமாதானம் சொல்லி, ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் தொடர்ந்தோம். ஒன்பதில் 52 ஆம்பியர், 11.58 வோல்ட், கிட்டத்தட்ட 603 வாட். சுவர் மீட்டரில் 744. ஏடிஎக்ஸ் அனுமதிக்கும் கீழ் எல்லை 11.4, அதற்குள் இன்னும் இருக்கிறது. 450 வாட் பெட்டி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுமந்துகொண்டு அலட்டாமல் ஓடியது. நல்ல பெட்டிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 36 என்று போட்ட லைனில் 52 ஓடுகிறது, ஓசிபி எங்கேயோ தூங்குகிறது.

பத்தாவது ஸ்விட்சைத் தட்டியதும் அணைந்தது.

"இப்பவாவது ஓசிபிதானே?"

ஸ்கோப் திரையை அவன் பக்கம் திருப்பினேன். 12 வோல்ட் கோடு பட்டென்று விழவில்லை. பதினொன்றரையிலிருந்து சரிந்து, சரிந்து, சுமார் 30 மில்லி செகண்ட் கழித்து 9.4-ஐத் தொட்ட பிறகுதான் செங்குத்தாக இறங்கியது. குன்றின் சரிவில் நடந்து வந்து விளிம்பில் கால் இடறியது மாதிரி ஒரு கோடு. என்ன நடந்திருக்கும்? சுவர்ப் பக்கத்துச் சுற்றில், மெயின் ட்ரான்சிஸ்டர்கள் வழியாகப் போகும் கரண்டுக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு வந்ததும் அதற்கு மேல் சக்தி வரவில்லை. லோடு விடாமல் இழுக்க, வோல்டேஜ் தாழ்ந்தது. அது யூவிபி எல்லையைத் தொட்டதும் எட்டுக்கால் சிப் கதவைச் சாத்தியது.

ஊகமாக விட மனமில்லை, ஐந்து முறை திருப்பிச் செய்தோம். நாலாவது முறை பெட்டி நன்றாகச் சூடேறியிருந்தது. அப்போது ஒன்பதாவது ரெசிஸ்டரிலேயே படுத்துவிட்டது. ஆனால் ஐந்து முறையும் அணைந்த இடம் 9.3-க்கும் 9.5-க்கும் நடுவில். கரண்ட் மாறியது, வோல்டேஜ் மாறவில்லை. காவலாளி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பையன் விடவில்லை. "மொத்த வாட் மீறினதும் நின்னுச்சே, அது ஓபிபிதானே மாமா?" ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். சுவர்ப் பக்க வரம்பை வைத்தே ஓபிபி கொடுப்பது நடைமுறையில் உள்ளதுதான். அந்தக் கட்டத்துக்கு ஒரு டிக் போட்டேன். ஆனால் 30 மில்லி செகண்ட் ஒன்பதரை வோல்ட்டை நோக்கிச் சரிந்துகொண்டே போனதை அவன் கிராபிக்ஸ் கார்டு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று அவனுக்குக் காட்டத்தான் அடுத்ததைச் செய்தேன். மூன்று ரெசிஸ்டரை எடுத்து ஒரே மஞ்சள் வயரில் கட்டினேன். 17 ஆம்பியர், பெட்டியின் கணக்கில் பாதி லோடுகூட இல்லை. ஆனால் கனெக்டருக்குள் இருக்கும் ஒரு தகரக் கவ்விக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்குச் சுமை. அகச்சிவப்பு வெப்பமானியைக் கனெக்டரின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு நிமிடத்தில் 58 டிகிரி. ஒன்றரையில் 74. இரண்டரையில் 91. வயரைத் தொட்டால் ரப்பர் பேண்டு மாதிரி துவண்டது, அந்த இனிப்பான பிளாஸ்டிக் வாடையும் வர ஆரம்பித்தது. பெட்டியின் விசிறிகூட வேகம் கூட்டவில்லை. அதைப் பொறுத்தவரை எல்லாம் சுபம். ஸ்விட்சைத் தட்டி நிறுத்தினேன்.

2003-இல் வந்த ஏடிஎக்ஸ்12வி 2.0-இல் 12 வோல்ட்டை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 240 விஏ-க்குள் (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு), அதாவது 20 ஆம்பியருக்குள் அடக்க வேண்டும் என்று வைத்திருந்ததன் காரணம் இதுதான். பிற்பாடு அந்தக் கட்டு தளர்ந்தது, ஒரே பெரிய லைன் என்பது விளம்பரமாகவே ஆனது. பிரித்துக் கொடுப்பதில் தொல்லையும் உண்டு, ஒரு பக்கம் நிரம்பி வழியும்போது மறுபக்கம் சும்மா கிடக்கும். ஆனாலும் வயர் உருகும் கரண்டைவிடப் பெட்டி நிற்கும் கரண்ட் மிக அதிகம் என்றால் நடுவில் உருகப் போவது வயர்தான்.

5 வோல்ட் லைன் வேறு கதை. இந்தப் பெட்டியில் 5-உம் 3.3-உம் தனித்தனிச் சின்னச் சுற்றுகளில் 12-இலிருந்து இறக்கப்படுகின்றன, அவற்றை ஆட்டுவிக்கும் சிப்பில் கரண்டைக் கவனிக்கும் ஏற்பாடு உண்டு. 15 ஆம்பியர் லைன். இரண்டரை இரண்டரையாக ஏற்றிக்கொண்டு போனோம். 22.5 வரை ஓடியது. 25-ஐப் போட்டதும் போயிற்று. ஸ்கோப்பில் பார்த்தால் 4.96-இல் நேர்கோடாக வந்துகொண்டிருந்தது, அடுத்த கணம் பூஜ்யம். சரிவே இல்லை, சுவர் மாதிரி ஒரு கோடு. "இதுதான்டா ஓசிபி" என்றேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் அவன் முகத்தில் முதல் முறையாக இது விளையாட்டல்ல என்ற தெளிவு வந்தது. 3.3-உம் அதே மாதிரிதான் நடந்துகொண்டது.

ஷார்ட் சோதனை மூன்று லைனிலும் சுருக்கமாக முடிந்தது. தடித்த வயர்த் துண்டும் ஒரு பெரிய ஸ்விட்சும் போதும். ஓடும்போது ஷார்ட் செய்தாலும் நின்றது, ஷார்ட்டோடு ஓட்டப் பார்த்தாலும் எழுந்திருக்கவில்லை. பச்சை வயரைப் பிரித்து, ஒரு செகண்டுக்கு மேல் விட்டுச் சேர்த்ததும் திரும்ப ஓடியது. கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா வயரில் வரும் காத்திருப்பு 5 வோல்ட்டை ஷார்ட் செய்து எடுத்தால் அது தானாகவே மீண்டுவர வேண்டும், வந்தது.

மூன்றாம் சனிக்கிழமை ஓவிபிக்கு. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, இதில்தான் மறுபடியும் ஏமாந்தேன்.

வோல்டேஜ் ஏறினால் நிற்கிறதா என்று பார்க்க வோல்டேஜை ஏற்ற வேண்டும், ஆனால் பெட்டி தானாக ஏற்றாது. அதனால் வோல்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேசை சப்ளையிலிருந்து வெளி வோல்ட்டை ஒரு டயோடு வழியாக 12 லைனுக்குள் மெதுவாகத் தள்ள வேண்டும். இந்தப் பெட்டியின் 12 வோல்ட் பக்கம் சாதாரண ஷாட்கி டயோடுகள், கரண்ட் வெளியேதான் போகும், உள்ளே திரும்பாது. அதனால் நான் தள்ளத் தள்ள லைன் ஏறும், பெட்டி தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வரும். மேசை சப்ளைக்கு 5 ஆம்பியர் வரம்பு, 15.5 வோல்ட்டில் கத்தரிப்பு வைத்துக்கொண்டு தொடங்கினேன். வழிகாட்டி சொல்லும் ஓவிபி வரம்பு 13.4-இலிருந்து 15.6 வரை.

12.5. 13. 13.3. 13.6. விசிறி கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்துக்கொண்டே போனது. 14. விசிறி இன்னும் ஓடுகிறது. 14.5. ஓடுகிறது. எனக்கு வியர்த்துவிட்டது, ஓவிபியும் கிடையாதா? 14.8-இல் நிறுத்தி, தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

பையன்தான் கேட்டான். "மாமா, ஃபேன் யாரோட கரண்ட்ல ஓடுது?"

விசிறி ஓடியது என் மேசை சப்ளையில். பெட்டி எப்போதோ அணைந்துவிட்டது. வெளியிலிருந்து 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும்போது 12 வோல்ட் விசிறி ஓடத்தானே செய்யும். மூன்று வாரமாக இரண்டு பேருக்குச் சோறு போட்ட என் புத்தி அன்றைக்கு விடுப்பில் இருந்திருக்கிறது.

இரண்டாம் முறை விசிறியைப் பார்க்கவே இல்லை. சாம்பல் நிற வயரில், அதாவது பவர் குட் வயரில், மீட்டரை வைத்தோம். 13.7 வோல்ட்டில் அது 5-இலிருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது, சிவப்பு வயரில் இருந்த 5 வோல்ட்டும் கூடவே போனது. மூன்று முறையும் 13.7. கச்சிதம்.

அதே உற்சாகத்தில் 5 வோல்ட்டிலும் இதையே செய்யப் போனேன், அது ஆகவில்லை. அந்தச் சுற்றில் டயோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற ட்ரான்சிஸ்டர், கரண்டை இரு பக்கமும் விடும். நான் 5-க்குள் தள்ளியதை அது தலைகீழாக இயங்கி 12 லைனுக்கு ஏற்றி அனுப்பியது. சிவப்பில் 5.1-ஐத் தாண்டவில்லை, மஞ்சளில் 12.9 வந்துவிட்டது. இதற்கு மேல் போனால் எந்த லைனின் ஓவிபி பிடித்தது என்று எனக்கே தெரியாது. நிறுத்திவிட்டேன். நோட்டில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

மிச்சம் இரண்டு சின்ன விஷயம். முழு லோடில் சுவர் ஸ்விட்சை அணைத்து, 12 வோல்ட் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்த்தேன். 17 மில்லி செகண்ட் தாங்க வேண்டும், 11-தான் வந்தது. உள்ளே இருந்த கெப்பாசிட்டர் 220 மைக்ரோஃபாரட் என்று பார்த்தபோதே எதிர்பார்த்ததுதான். நல்ல வேளை, வோல்டேஜ் விழுவதற்கு முன்பே பவர் குட் விழுந்துவிட்டது. விசிறியைக் கழற்றிவிட்டு 200 வாட்டில் ஓட்டியும் பார்த்தேன். உள்ளே ஹீட்சிங்க் 98 டிகிரி வந்தும் நிற்கவில்லை, நானே நிறுத்தினேன். சூட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று ஸ்டிக்கர் சொல்லவும் இல்லை, அதனால் அதன்மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊர்ச் சூட்டில், தூசி அடைத்த விசிறியோடு, அவன் அறையின் கட்டிலுக்கடியில் வைக்கப்போகும் கணினிக்கு அது இருந்தால் நல்லது.

பெட்டி அவனுக்குப் போகவில்லை. அவன் வாங்கிய கார்டு திடீர் திடீரென்று எகிறி இழுக்கும் ரகம், அதற்கு 12 லைனில் உண்மையான ஓசிபி உள்ள பெட்டியாகத் தேடினோம். இந்த முறை ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. உள்ளே என்ன காவல் சிப், அதற்குக் கரண்ட் பார்க்கும் கால் உண்டா என்று திறந்து படம் போட்ட விமர்சனங்களாகத் தேடினான். பாதிக் காசு நான் போட்டேன், மீதிக்கு அவன் பழைய கைப்பேசியை விற்றான். ரெசிஸ்டர் வாங்கிய காசைச் சேர்த்துப் பார்த்தால் முதலிலேயே புதுசு வாங்கியிருக்கலாம் என்று மனைவி கணக்குச் சொன்னாள். கணக்கு சரிதான்.

450 வாட் பெட்டி இப்போது என் வேலை மேசைக்கு அடியில் இருக்கிறது. சாலிடர் மேசை விளக்கு, சின்ன சர்வர், இரண்டு விசிறிக்கு அதுதான் 12 வோல்ட் கொடுக்கிறது. ஒவ்வொரு மஞ்சள் வயரும் வெளியே வந்ததும் கார் ஃப்யூஸ் பெட்டிக்குள் போகிறது, ஆளுக்கு ஒரு 7.5 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ். ஸ்டிக்கரில் இருந்த 'ஓசிபி'க்கு மேல் முகமூடி டேப் ஒட்டி, அக்கா மகன் தன் கோணல் கையெழுத்தில் எழுதியிருக்கிறான்: "5, 3.3 மட்டும். 12-க்கு மாமா."